203 ரூபாயில் நின்ற டாலர்: கொழும்புத் துணை நிறுவனத்தில் ஒரு மலேசிய நிதி அதிகாரியின் 30 மாதங்கள்

இது 2021 செப்டம்பர் முதல் 2024 மார்ச் வரை நடந்த ஒரு நிகழ்வின் ஆய்வு. கோலாலம்பூரைத் தலைமையகமாகக் கொண்ட ஓர் உற்பத்திக் குழுமம், அதன் கொழும்புத் துணை நிறுவனம், இரண்டுக்கும் நடுவில் பொறுப்பேற்ற நிதி அதிகாரி ஆகியோரைப் பற்றியது. யாரையும் அடையாளம் காண முடியாதபடி நிறுவனத்தின் எண்கள் மாற்றப்பட்டுள்ளன. நாட்டு நிலவரம் பற்றிய தேதிகளும் நாணய மாற்று விகிதங்களும் உள்ளபடியே தரப்பட்டுள்ளன.

வெளிநாட்டுச் சந்தைகளில் வேலை பார்க்கப் போகும் மலேசியத் தமிழ்க் கணக்காளர்கள் இன்று நிறையப் பேர். லாபக் கணக்கை எப்படி எழுதுவது என்பது அவர்களுக்குத் தெரியும். அந்த லாபம் நாட்டு எல்லையைத் தாண்டி வந்து சேர்வதற்குள் என்னென்ன நடக்கும் என்பதைத்தான் இந்த நிகழ்வு காட்டுகிறது.

பின்னணி

அதிகாரி பட்டர்வொர்த்தில் பிறந்தவர், வயது 44. ஏ.சி.சி.ஏ. முடித்து, மலேசியக் கணக்காளர் கழகத்தில் பதிவு பெற்றவர். தணிக்கை நிறுவனத்தில் தொடங்கி, யங்கோனில் மூன்று ஆண்டுகள் நிதிக் கட்டுப்பாட்டாளராக இருந்துவிட்டு, கோலாலம்பூரில் குழுமத்தின் கருவூலப் பிரிவுக்கு வந்தார். யங்கோன் அனுபவம் பின்னால் பெரிதும் கைகொடுத்தது. மியன்மாரில் 2012 ஏப்ரல் வரை அரசு சொன்ன விகிதம் ஒரு டாலருக்கு ஏறத்தாழ 6 சாட். கடைத்தெருவில் அதே டாலர் 800 சாட்டுக்கு மேல் போனது. அறிவிக்கப்பட்ட விகிதம் ஒன்று, டாலர் உண்மையில் கிடைக்கும் விகிதம் வேறொன்று என்பதை அங்கே பழகியவர் மறப்பதில்லை.

குழுமத்தின் தொழில் பிளாஸ்டிக் பொட்டல உறைகள். கொழும்புத் தொழிற்சாலை பிஸ்கட், தேயிலை, மசாலா நிறுவனங்களுக்கு உறை அச்சிட்டு ரூபாயில் விற்றது. மூலப்பொருளான ரெசினை (பிளாஸ்டிக் குருணையை) கோலாலம்பூரில் இருக்கும் குழுமத்தின் வணிகப் பிரிவு டாலரில் அனுப்பியது. 120 நாள் கடன், எல்.சி. (பணத்துக்கு வங்கி தரும் உறுதிக் கடிதம்) கிடையாது. இதற்கு மேல், 2018இல் புது அச்சு இயந்திரம் வாங்கத் தலைமையகம் 50 லட்சம் டாலர் கடன் கொடுத்திருந்தது. திருப்ப வேண்டிய மாதம் 2022 ஜூன்.

2021 டிசம்பர் 31 அன்று கொழும்பின் நிலை இது. ரொக்கம் 1,260 மில்லியன் ரூபாய். வாடிக்கையாளர்களிடமிருந்து வரவேண்டியது 900 மில்லியன். கோலாலம்பூருக்கு ரெசின் பாக்கி 4.2 மில்லியன் டாலர், இயந்திரக் கடன் 5 மில்லியன் டாலர், ஆக 9.2 மில்லியன். பங்கு மூலதனம் 900 மில்லியன் ரூபாய், சேர்த்துவைத்த லாபம் 1,200 மில்லியன். 201 ரூபாய் விகிதத்தில் பார்த்தால் நல்ல நிறுவனம்.

அவ்வளவு ரொக்கம் ஏன் அங்கேயே கிடந்தது? கொழும்பில் வைப்புத்தொகைக்கு வட்டி அதிகம் என்பதால் 2019இல் பங்காதாயம் (பங்குதாரருக்குப் பிரித்துத் தரும் லாபம்) எடுக்கவில்லை. 2020இல் கொரோனாவைக் காரணம் காட்டி எடுக்கவில்லை. இரண்டுமே அந்தந்த நேரத்தில் யாரும் கேள்வி கேட்காத முடிவுகள்.

கவனித்தவை: 2021 அக்டோபர் முதல் 2022 பிப்ரவரி வரை

இலங்கை மத்திய வங்கி டாலரை 200 முதல் 203 ரூபாய்க்குள் பிடித்துவைத்திருந்தது. அதிகாரி பொறுப்பேற்றதும் விகிதத்தைப் பார்ப்பதை விட்டுவிட்டு, டாலர் கிடைக்க எத்தனை நாள் ஆகிறது என்பதைப் பார்க்கத் தொடங்கினார். கருவூலப் பிரிவில் இருந்த இளைஞரிடம் ஒரு எக்செல் தாள் தொடங்கச் சொன்னார். வங்கியின் பெயர், ஆவணம் கொடுத்த நாள், கேட்ட டாலர், கிடைத்த டாலர், கிடைத்த நாள் என்று ஐந்தே பத்திகள். அக்டோபரில் ஆவணம் கொடுத்து டாலர் கிடைக்க 4 வேலை நாள் ஆனது. நவம்பரில் 9. ஜனவரியில் 17. விகிதம் மட்டும் அசையவே இல்லை.

"அக்கா, நாளைக்குப் பாப்போம்னு பேங்க்ல சொல்றது இது மூணாவது வாரம்," என்று ஜனவரியில் அந்த இளைஞர் சொன்னபோது, தாளில் இருந்த எண்களே போதுமான பதிலாக இருந்தன.

வெளியிலும் அறிகுறிகள் இருந்தன. 2021 இறுதியில் நாட்டின் கையிருப்பு 3.1 பில்லியன் டாலர் என்று அறிவிக்கப்பட்டது. அதில் ஏறத்தாழ பாதி சீன மத்திய வங்கியுடனான யுவான் பரிமாற்ற ஏற்பாடு. எண்ணெய் வாங்கவோ கடன் அடைக்கவோ எடுக்க முடியாத பணம். 2022 ஜனவரி 18 அன்று 500 மில்லியன் டாலர் பன்னாட்டுப் பத்திரத்தை இலங்கை அடைத்தது. ஜூலையில் இன்னும் 1 பில்லியன் காத்திருந்தது. வெளிச்சந்தையில் டாலர் 240 ரூபாயைத் தாண்டியிருந்தது. பிற்பாடு வாங்கும் டாலருக்கு இன்றே விலையை உறுதிசெய்யும் முன்பேர ஒப்பந்தத்தை எந்த வங்கியும் தரவில்லை. காப்பு வாங்கக் கடை இல்லாதபோது ஐந்தொகையையே (சொத்து, கடன் அமைப்பையே) மாற்றி அமைப்பதைத் தவிர வேறு வழி கிடையாது.

ஜனவரி 21 அன்று இயக்குநர் வாரியத்துக்கு அவர் அனுப்பிய குறிப்பு ஒன்றரைப் பக்கம்தான். டாலர் 230 ஆனால் நட்டம் 267 மில்லியன் ரூபாய், 300 ஆனால் 911 மில்லியன், 360 ஆனால் 1,463 மில்லியன் என்று கணக்கு போட்டிருந்தார். கடைசி வரி முக்கியமானது: டாலர் 380ஐத் தொட்டால் நிகர சொத்து (கடன் போக மிஞ்சும் சொத்து) ஏறத்தாழ 450 மில்லியனுக்கு இறங்கும், அது பங்கு மூலதனத்தில் சரிபாதி. இலங்கையின் 2007ஆம் ஆண்டு கம்பெனிச் சட்டப்படி, நிகர சொத்து மூலதனத்தின் பாதிக்குக் கீழே போனால் இயக்குநர்கள் பங்குதாரர் கூட்டத்தைக் கூட்டி விளக்கம் தந்தாக வேண்டும். அதற்குப் பிறகு உள்ளூர் வங்கி எதுவும் பழைய வரம்பில் கடன் தராது.

வாரியம் ஏன் தயங்கியது

வாரியத்தில் மூத்தவர்கள் மூவர். 1998 செப்டம்பரில் ரிங்கிட் டாலருக்கு 3.80 என்று கட்டப்பட்டபோது அவர்கள் இளம் மேலாளர்கள். 2005 ஜூலை வரை அந்தக் கட்டு அறுபடவில்லை. அரசு ஒரு விகிதத்தைப் பிடித்தால் பிடித்ததுதான் என்ற நம்பிக்கை அவர்களுக்கு அனுபவத்தில் வந்தது. அதை அறியாமை என்று தள்ளிவிட முடியாது.

அதிகாரி தந்த பதில் இந்த ஆய்வின் பயனுள்ள பகுதிகளில் ஒன்று. மலேசியா 3.80இல் கட்டியது ரிங்கிட் விழுந்து முடிந்த பிறகு. அப்போது ஏற்றுமதி இறக்குமதியை மிஞ்சி, நடப்புக் கணக்கில் உபரி இருந்தது. பணம் வெளியேறும் கதவுகளையும் மலேசிய மத்திய வங்கியான பேங்க் நெகாரா சேர்த்தே மூடியது. இலங்கை விழுவதற்கு முன்பே கட்டியது; சுற்றுலா வருமானம் போயிருந்தது; கையிருப்போ வரவிருந்த தவணைகளுக்கே பற்றவில்லை. இரண்டு கட்டுகளும் பெயரில்தான் ஒன்று.

லெபோ அம்பாங்கிலும் பினாங்கு ஸ்திரீட்டிலும் கிட்டங்கி (வட்டித் தொழில் நடக்கும் இடம்) வைத்திருந்த நகரத்தார் வழக்கத்தை இங்கே நினைவுபடுத்துவது பொருத்தம். முகவர்களை மூன்று ஆண்டுக் கணக்கில் அனுப்பி, கணக்கு முடித்து, ஆளை மாற்றி, லாபத்தை ஊருக்கு எடுத்தார்கள். அப்படிப்பட்டவர்களுக்கே 1930களில் பர்மாவில் நெல் விலை சரிந்தபோது கடனுக்கு ஈடாக நிலம்தான் கைக்கு வந்தது, ரொக்கம் வரவில்லை. கீழ் பர்மாவின் நெல் மாவட்டங்களில் கால்வாசி நிலம் அவர்கள் பெயரில் இருந்தும் அதைக் காசாக்கிக் கடல் தாண்டிக் கொண்டுவர முடியவில்லை. வெளிநாட்டில் சொத்து இருப்பதும் அது வீடு வந்து சேர்வதும் வேறு வேறு என்பது நம் சமூகத்துக்குப் புதிய செய்தி அல்ல.

முதல் முடிவு: சிறு தொகைகளில் முன்கூட்டியே அடைப்பது

வாரிய அனுமதி தேவைப்படாத ஒன்று ரெசின் பாக்கி. தவணை நாள் வரும்வரை காத்திருக்காமல் முன்னதாகவே அடைக்கலாம் என்று டிசம்பரில் முடிவானது. முதலில் 6 லட்சம் டாலருக்கு ஒரே விண்ணப்பம் போட்டார்கள். இரண்டு வாரம் அசையவில்லை. கொழும்புக் கணக்காளர் வங்கியிலிருந்தே போன் செய்தார்: "மிஸ், இவ்வளவு டொலர் இல்லையாம். அம்பதாயிரம் எண்டா இண்டைக்கே தாறாங்களாம்."

காரணம் எளிது. வங்கியிடம் பெரிய கையிருப்பு இல்லை. அன்றன்றைக்கு ஏற்றுமதியாளர்கள் மாற்றும் டாலரும் வெளிநாட்டில் இருப்பவர்கள் அனுப்பும் டாலரும்தான் அன்றைய இருப்பு. பெரிய விண்ணப்பம் வரிசையில் நிற்கும், சிறியது இடுக்கில் நுழைந்துவிடும். அன்று முதல் மூன்று வங்கிகளில், 50,000 முதல் 1,50,000 டாலர் வரை, வாரத் தொடக்கத்தில் விண்ணப்பம் போனது. ஒவ்வொரு விண்ணப்பத்துக்கும் ஒரு சரக்கு: ஒரு இன்வாய்ஸ், ஒரு பில் ஆஃப் லேடிங் (கப்பல் சரக்குச் சீட்டு), ஒரு சுங்கப் பிரகடனம். ஒரே இன்வாய்ஸைப் பிரித்துக் கட்டினால் மீதிக்கு வங்கி மறுபடி கேள்வி கேட்கும். ஆகவே கோலாலம்பூர் வணிகப் பிரிவு ஜனவரியிலிருந்து ஒவ்வொரு கொள்கலனுக்கும் தனி இன்வாய்ஸ் எழுதத் தொடங்கியது. இந்தச் சின்ன மாற்றம் இல்லாவிட்டால் பாதித் தொகைகூடப் போயிருக்காது.

மார்ச் 4க்குள் 1.9 மில்லியன் டாலர் 203 ரூபாயில் அடைபட்டது. இடையில் வந்த புதுச் சரக்கைச் சேர்த்து பாக்கி 2.8 மில்லியனில் நின்றது.

உண்டியல் யோசனை

பிப்ரவரியில் ஒரு வாடிக்கையாளர் வேறு வழி சொன்னார்: வங்கிக்கு வெளியே பணம் மாற்றும் உண்டியல். கொழும்பில் ரூபாயைக் கொடுத்துவிட்டால், 250 ரூபாய் விகிதத்தில், கோலாலம்பூர் மஸ்ஜித் இந்தியா பக்கம் ரிங்கிட்டாகவே கைக்கு வரும். இரண்டே நாள். தலைமையகத்தில் சிலர் இதைக் காதுகொடுத்துக் கேட்டார்கள்.

அதிகாரி மறுத்ததற்கு ஒழுக்கம் ஒரு காரணம், சட்டம் இன்னொன்று. மலேசியாவில் 2001ஆம் ஆண்டுப் பணமோசடித் தடுப்புச் சட்டமும் 2011ஆம் ஆண்டுப் பணச் சேவைத் தொழில் சட்டமும், இலங்கையில் 2017ஆம் ஆண்டு அந்நியச் செலாவணிச் சட்டமும் குறுக்கே நிற்கின்றன. நடைமுறைக் காரணமும் அதே அளவு கனமானது. சரக்கு சுங்கத்தில் பதிவாகிவிட்டது. அதற்குரிய பணம் வங்கி வழியாகப் போகவில்லை என்றால் அந்த இறக்குமதிப் பதிவு திறந்தே கிடக்கும். அடுத்த முறை டாலர் கேட்கும்போது வங்கி முதலில் அதைத்தான் எடுத்துப்போடும். கோலாலம்பூரில் வந்த ரிங்கிட்டுக்கோ தணிக்கையாளரிடம் காட்ட ஒரு தாளும் இருக்காது. இப்படிப்பட்ட நிலையில் இருக்கும் எந்த நிதி அதிகாரியிடமும் இந்த யோசனை வந்தே தீரும். அதற்கான மறுப்பை முன்கூட்டியே எழுத்தில் வைத்திருப்பது நல்லது.

இரண்டாவது முடிவு: கடனைப் பங்காக்குவது

ஜனவரிக் குறிப்பின் முதன்மைப் பரிந்துரை, 5 மில்லியன் டாலர் கடனை உடனே பங்கு மூலதனமாக மாற்ற வேண்டும் என்பதே. ரூபாயில் சம்பாதிக்கும் நிறுவனம் டாலரில் கடன்பட்டிருக்கக் கூடாது.

பிப்ரவரி 24 கூட்டத்தில் வாரியம் பாதி தூரம் வந்தது. கடனை இப்போதைக்குத் திரும்பக் கேட்கும் எண்ணமில்லை என்று தீர்மானம் போட்டது. வெளிநாட்டு நாணயம் பற்றிய மலேசியக் கணக்கு விதியான எம்.எஃப்.ஆர்.எஸ். 121இன் கீழ் அப்படிப்பட்ட கடன் வெளிநாட்டு நிறுவனத்தில் இட்ட முதலீட்டின் பகுதியாகக் கருதப்படும். விகிதம் மாறினால் வரும் நட்டம் குழுமத்தின் ஒருங்கிணைந்த லாப நட்டக் கணக்கைத் தொடாமல், பிற விரிவான வருமானம் என்ற தலைப்புக்குப் போய்விடும். கோலாலம்பூர் கணக்கில் வலி தெரியாது. அதனால் பங்காக மாற்றும் வேலையை ஏப்ரல் காலாண்டுக் கூட்டத்துக்குத் தள்ளிவைத்தார்கள்.

குழுமக் கணக்கில் மட்டுமே அந்தப் பாதுகாப்பு. கொழும்பு நிறுவனத்தின் சொந்தக் கணக்கில் அது இன்னும் டாலர் கடன்தான். ஒவ்வொரு ரூபாய்ச் சரிவும் அதன் லாபத்தைத் தின்னும். பங்காதாயம் அறிவிப்பது கொழும்பு நிறுவனத்தின் சொந்தக் கணக்கை வைத்துத்தான். இந்த வேறுபாட்டை அதிகாரி குறிப்பில் ஒரு வரியில் சொல்லியிருந்தார். ஒரு வரி போதவில்லை.

மார்ச் 7 அன்று மத்திய வங்கி பிடியைத் தளர்த்தியது. 230க்குள் நிற்கும் என்றார்கள். ஒரே வாரத்தில் அதைத் தாண்டியது. ஏப்ரல் 12 அன்று வெளிநாட்டுக் கடன் தவணைகளை நிறுத்துவதாக இலங்கை அறிவித்தது. ஏப்ரல் 29 அன்று கடன் பங்காக மாறியபோது டாலர் ஏறத்தாழ 340 ரூபாய்.

விளைவைக் கணக்காகப் பார்ப்போம். பிப்ரவரியில் 203இல் மாற்றியிருந்தால் 1,015 மில்லியன் ரூபாய்க்குப் பங்கு எழுதி, நட்டம் 10 மில்லியனோடு முடிந்திருக்கும். ஏப்ரலில் மாற்றியதால் 1,700 மில்லியனுக்குப் பங்கு, 695 மில்லியன் நட்டம். நிறுவனத்தின் மொத்த நிகர சொத்து இரண்டு வழியிலும் ஒன்றே; கூட்டிக் கழித்தால் தெரியும். மாறியது அதன் உள்ளமைப்பு. 685 மில்லியன் ரூபாய், பிரித்துக் கொடுக்கக்கூடிய லாபம் என்ற தலைப்பிலிருந்து தொட முடியாத மூலதனம் என்ற தலைப்புக்குப் போனது. ரெசின் பாக்கியின் நட்டம் 389 மில்லியன் வேறு. நான்கு மாத லாபம் 140 மில்லியனைச் சேர்த்தும், சேர்த்துவைத்த லாபம் 1,200இலிருந்து 256 மில்லியனுக்கு இறங்கியது.

கொழும்புக்குப் போவது: வேலை ஒப்பந்தம்

அதுவரை கோலாலம்பூரிலிருந்தே பார்த்தவரைக் கொழும்பிலேயே அமரும்படி மார்ச் மத்தியில் குழுமம் கேட்டது. வங்கி மேலாளரை நேரில் பார்ப்பவருக்கும் போனில் கேட்பவருக்கும் ஒதுக்கீட்டில் வேறுபாடு வெளிப்படையாகத் தெரிந்திருந்தது. மூத்த பிள்ளைக்கு எஸ்.பி.எம். பள்ளி இறுதித் தேர்வு நெருங்கிக்கொண்டிருந்ததால் குடும்பம் கோலாலம்பூர் செந்தூலிலேயே இருக்க, அவர் மட்டும் ஏப்ரல் முதல் வாரத்தில் போனார். அப்போது கொழும்பில் அவசரநிலை, பல மணி நேர மின்வெட்டு, டீசலுக்கு வரிசை.

முதலில் தந்த ஒப்பந்தம் முழுச் சம்பளத்தையும் இலங்கை ரூபாயில் வைத்திருந்தது. கொழும்பில் தேங்கிய ரூபாயைச் செலவழிக்க அது குழுமத்துக்கு வசதி. அவர் ஏற்கவில்லை. மலேசிய நிறுவனத்தோடான வேலை ஒப்பந்தம் முறியாமல், அடிப்படைச் சம்பளம் ரிங்கிட்டில் கோலாலம்பூரிலேயே வரும், இ.பி.எஃப். (ஊழியர் சேமநிதி) தொடரும், வாடகை, போக்குவரத்து, சாப்பாடு மட்டும் ரூபாயில், காலாண்டுக்கு ஒருமுறை விலைவாசிக்கு ஏற்பத் திருத்தப்படும் என்று மாற்றினார்கள். அந்தத் திருத்தப் பிரிவு அநாவசியம் என்று மனிதவளப் பிரிவு கருதியது. கொழும்பில் ஆண்டுப் பணவீக்கம் அந்தச் செப்டம்பரில் 69.8 விழுக்காட்டைத் தொட்டது.

இன்னொரு பிரிவு வரிச் சமன். சம்பளம் எந்த நாட்டு வங்கியில் விழுகிறது என்பதை வைத்து வரி தீர்மானமாவதில்லை. வேலை எங்கே செய்யப்படுகிறது என்பதே கணக்கு. 183 நாளோ அதற்கு மேலோ இலங்கையில் தங்கினால் அவர் அங்கே வரிவாசி. அப்போது தனிநபர் வரியின் உச்ச விகிதம் 18 விழுக்காடு; மலேசியாவைவிடக் குறைவு என்பதால் பலர் இந்தப் பிரிவைக் கேட்டிருக்கவே மாட்டார்கள். மலேசியாவில் கட்டியிருக்கக்கூடிய வரிக்கு மேல் ஆகும் எதையும் நிறுவனமே ஏற்கும் என்று எழுதி வாங்கினார். 2023 ஜனவரியில் உச்ச விகிதம் 36 விழுக்காடானது. வெளிநாட்டுப் பதவிக்குப் போகும் எவருக்கும் இந்த ஒரு பிரிவு, சம்பள உயர்வைவிட மதிப்புள்ளது.

தொழிற்சாலையைக் காப்பாற்றிய நடவடிக்கைகள்: 2022 மார்ச் முதல் டிசம்பர் வரை

விலைப்பட்டியல் முதலில் மாறியது. மாதம் ஒருமுறை பேசி விலை வைக்கும் வழக்கத்தை விட்டு, சூத்திரத்துக்கு வந்தார்கள். விலையில் 62 விழுக்காடு ரெசின். அந்தப் பங்கு முந்தைய வெள்ளிக்கிழமை வங்கி விற்பனை விகிதத்தோடு ஏறி இறங்கும். மீதி 38 விழுக்காடு ஆறு மாதத்துக்கு ஒருமுறை. 201இல் 100 ரூபாயாக இருந்த உறை, 340இல் ஏறத்தாழ 143 ரூபாய். கடன் தவணையும் 75 நாளிலிருந்து 21 நாளானது. விற்பனைப் பிரிவு கடுமையாக எதிர்த்தது. அவர்கள் அஞ்சியபடியே இரண்டு பிஸ்கட் நிறுவனங்கள் விலகின, அளவு கால்வாசி குறைந்தது. ஆனாலும் 75 நாள் கழித்து வரும் ரூபாயில் மறுபடி ரெசின் வாங்கவே முடியாது என்ற நிலையில், குறைந்த அளவை நட்டமில்லாமல் விற்பதே சரி.

தேங்கிய ரூபாயில் ஒரு பகுதி ரெசினாகவே மாறியது. 45 நாள் இருப்பை 90 நாளாக உயர்த்தினார்கள். இங்கே ஓர் ஓட்டை மே மாதம்தான் கண்ணில் பட்டது. ஜனவரியில் எடுத்த தீக்காப்பீட்டில் சரக்கின் மதிப்பு 380 மில்லியன் ரூபாய். மே மாதக் கொள்முதல் விலையில் அதே கிடங்கில் இருந்த சரக்கு 820 மில்லியன். காப்பீடு செய்த தொகை சரக்கின் மதிப்பைவிடக் குறைவானால் இழப்பீட்டையும் அதே விகிதத்தில் குறைக்கும் விகிதாசாரப் பிரிவு பத்திரத்தில் இருந்ததால், கிடங்கின் ஒரு மூலை எரிந்தாலும் இழப்பில் 46 விழுக்காடுதான் கிடைக்கும். அன்றே உயர்த்தினார்கள். நாணயம் விழும் நாட்டில் காப்பீட்டுத் தொகையை மாதம் ஒருமுறை பார்க்க வேண்டும். ஆண்டுக்கு ஒருமுறை பார்த்தால் போதாது.

மே மாதம் திறந்த கணக்கில் (வங்கி உறுதி இல்லாமல், சரக்கு வந்த பிறகு பணம் கட்டும் முறையில்) இறக்குமதி செய்வதற்கு அரசு கட்டுப்பாடு விதித்தது. 120 நாள் கடன் முறை அத்தோடு போயிற்று. ஆவணம் கொடுத்ததும் பணம் என்ற முறைக்கு மாறினார்கள். ஜூனிலிருந்து மாலத்தீவுக்கு உறைகளை ஏற்றுமதி செய்யத் தொடங்கினார்கள். மாதம் 60 முதல் 80 ஆயிரம் டாலர்தான். இருந்தாலும், ஏற்றுமதி வருமானத்தில் அனுமதிக்கப்பட்ட கொடுப்பனவுகள் போக மீதியை மட்டும் ரூபாயாக்கினால் போதும் என்ற விதியால், யாரையும் கேட்காமல் ரெசினுக்குக் கட்டச் சொந்த டாலர் கிடைத்தது. பழைய பாக்கி 2.8 மில்லியன் இந்த டாலராலும் வங்கி ஒதுக்கீடுகளாலும் நவம்பரில் தீர்ந்தது.

மீதி ரூபாயில் 700 மில்லியன் அரசின் குறுகியகாலக் கடன் பத்திரமான 91 நாள் டிரெஷரி பில்லில் போனது. அந்த ஆண்டின் பிற்பகுதியில் அதன் ஆண்டு வட்டி 30 விழுக்காட்டுக்கு மேல். ஐந்தாண்டு, பத்தாண்டுப் பத்திரங்களை வாங்கச் சொல்லித் தரகர்கள் வற்புறுத்தியும் அவர் 91 நாளைத் தாண்டவில்லை. வெளிநாட்டுக் கடனை மறுசீரமைக்கும் அரசு உள்நாட்டுக் கடனையும் தொடக்கூடும், தொட்டால் நீண்ட பத்திரங்களைத்தான் முதலில் தொடும் என்பது அவர் கணிப்பு. 2023 ஜூன் இறுதியில் உள்நாட்டுக் கடன் மறுசீரமைப்பு வந்தபோது ஓய்வூதிய நிதிகளின் பத்திரங்கள் அதில் சிக்கின. தனியார் கையிலிருந்த டிரெஷரி பில்கள் தப்பின.

ஆட்கள் விஷயத்தில் முன்யோசனை போதவில்லை. ஏழு பேர் கொண்ட கொழும்பு நிதிப் பிரிவில் மூவர் அந்த ஆண்டே வெளிநாடு போய்விட்டார்கள். வங்கி ஆவணங்களைக் கையாண்டவர் அவர்களில் ஒருவர். அவர் போன மாதத்தில் விண்ணப்பங்கள் பாதியாகக் குறைந்தன. சம்பளத்தை விலைவாசியோடு இணைக்கும் பிரிவு அதிகாரியின் ஒப்பந்தத்தில் இருந்தது. அவருக்குக் கீழே உழைத்தவர்களுக்கு அது செப்டம்பரில்தான் வந்தது. அது ஏப்ரலிலேயே வந்திருக்க வேண்டும்.

விளைவு

203இல் முன்கூட்டியே அடைத்த 1.9 மில்லியன் டாலரை 360இல் அடைக்க நேர்ந்திருந்தால் 298 மில்லியன் ரூபாய் கூடுதலாக ஆகியிருக்கும். தொழிற்சாலை ஒரு நாளும் மூடப்படவில்லை. விலகிய இரண்டு பிஸ்கட் நிறுவனங்களில் ஒன்று 2023இல் அதே சூத்திர விலைக்குத் திரும்பியது.

பன்னாட்டு நாணய நிதியத்தின் 3 பில்லியன் டாலர் திட்டம் 2023 மார்ச் 20 அன்று அங்கீகாரம் பெற்ற பிறகு வங்கிகளில் டாலர் புழக்கம் வந்தது. அவ்வாண்டு அக்டோபரில், நிறுவனத்தால் தன் கடன்களை அடைக்க முடியும் என்ற தணிக்கையாளரின் கடன்தீர்வுச் சான்றோடு, 400 மில்லியன் ரூபாய் பங்காதாயம் 324 விகிதத்தில் கோலாலம்பூருக்குப் போனது, ஏறத்தாழ 1.23 மில்லியன் டாலர். ரொக்கம் அதைவிட அதிகமாகவே இருந்தது. டாலரும் கிடைத்தது. ஆனால் பிரித்துக் கொடுக்கக்கூடிய லாபம் அவ்வளவுதான். ஏப்ரலுக்குத் தள்ளிய அந்த ஒரு கூட்டத்தின் விலை அன்றுதான் வாரியத்துக்கு முழுதாகப் புரிந்தது. மூலதனத்தைக் குறைத்து எடுக்கலாம். அதற்குச் சிறப்புத் தீர்மானம், பொது அறிவிப்பு என்று நீண்ட பாதை.

அதிகாரிக்கு 2022ஆம் ஆண்டு போனஸ் கிட்டத்தட்ட இல்லை. அவருடைய இலக்கு கொழும்பு நிறுவனத்தின் வரிக்கு முந்தைய லாபம். நாணய நட்டம் அதை விழுங்கிவிட்டது. பரிந்துரையைத் தள்ளிவைத்தவர்களின் இலக்கு குழும லாபம், அது காப்பாற்றப்பட்டது. இது அநியாயம். அவர் அதை எழுத்தில் கேட்டார், ஜனவரிக் குறிப்பை இணைத்துக் கேட்டார். 2023 முதல் அவருடைய இலக்கு மூன்றாக மாறியது: திறந்து கிடக்கும் நிகர டாலர் பாக்கி, வெளியே அனுப்பிய டாலர், விலைச் சூத்திரத்துக்கு வெளியே விற்ற அளவு.

மாற வேண்டியவை

குழுமம் ஏற்கெனவே மாற்றியவற்றில் முக்கியமானது அதிகார வரம்பு. ஆவணம் கொடுத்து டாலர் கிடைக்க 10 வேலை நாளுக்கு மேல் ஆகும் நாட்டில், உள்குழுமக் கடனைப் பங்காக்கும் அதிகாரம் இப்போது நிதித் தலைவரும் ஓர் இயக்குநரும் சேர்ந்த இருவர் குழுவிடம் இருக்கிறது. காலாண்டுக் கூட்டத்துக்குக் காத்திருக்க வேண்டியதில்லை. பங்காதாயம் ஆண்டுதோறும் எடுக்கப்படுகிறது. எடுக்காவிட்டால் காரணத்தை எழுத வேண்டும். துணை நிறுவனத்தின் தனிக் கணக்கும் குழுமக் கணக்கும் ஒரே பக்கத்தில் அருகருகே வாரியத்துக்குப் போகின்றன.

கணக்கு விதியிலும் ஒரு மாற்றம் வந்திருக்கிறது. நாணயத்தை மாற்ற முடியாத நிலையில் எந்த விகிதத்தைக் கொள்வது என்பதற்கு 2021இல் தெளிவான வழிகாட்டல் போதவில்லை. அந்த ஆண்டுக் கணக்கை 201இல் மூடிவிட்டு, டாலர் கிடைக்காத நிலையைக் குறிப்பில் எழுதினார்கள். நாணய மாற்று பற்றிய பன்னாட்டுக் கணக்கு விதியான ஐ.ஏ.எஸ். 21க்கு 2023 ஆகஸ்டில் வந்த திருத்தம் 2025 ஜனவரி முதல் நடப்பில் உள்ளது. மாற்ற இயலாத நிலையில் விகிதத்தை மதிப்பிட்டு, எப்படி மதிப்பிட்டோம் என்று வெளியிட வேண்டும். அந்த ஐந்து பத்தித் தாள் போன்ற பதிவு இல்லாதவர்களுக்கு இது சிரமம்.

2024 ஜனவரியில் அதிகாரி கோலாலம்பூர் திரும்பி, வட்டார நிதிப் பொறுப்பை ஏற்றார். மேசைக்கு வந்த முதல் கோப்பு கெய்ரோவில் ஒரு தொழிற்சாலையில் பங்கு வாங்குவது. அரசு விகிதம் டாலருக்கு 30.9 பவுண்டு, வெளிச்சந்தையில் 70 வரை. விற்பவர் கேட்டது டாலர் கடனும் பங்கும் பாதிப் பாதி. கடன் வேண்டாம், முழுவதும் பங்காக, விகிதம் திருத்தப்பட்ட பிறகே பணம் என்று அவர் எழுதினார். மார்ச் 6 அன்று எகிப்து பவுண்டை மிதக்கவிட்டது. விகிதம் 50 அருகே போனது. ஒப்பந்தம் அந்த மாதக் கடைசியில், புது விகிதத்தில் மறுபடி விலை பேசி, கையெழுத்தானது.